தண்ணியில் விழுந்தால் வரும் ஜீப்பு

மாமா தெருவில் நடந்தால் பிள்ளைகள் "ஜீப்பு வருது, ஜீப்பு வருது" என்று கத்துகிறார்கள். நேற்று நீங்களும் சேர்ந்து கத்தினீர்கள். அவர் உங்கள் அத்தையின், அதாவது என் அக்காவின், புருஷன். அந்தப் பெயர் எப்படி வந்தது என்று தெரிந்தால் கத்த மாட்டீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன்.

நீங்கள் பிறப்பதற்கு முன், எண்பதுகளில், புதூர்நாட்டு மலைக்கு ஏறும் பாதையை ஒட்டிய நம் ஓடைக்கரை மேட்டில், கீழேயிருந்து ஒரு லாரி வந்து குப்பை கொட்டிவிட்டுப் போனது. தோல் பதனிடும் ஷாப்புக் குப்பை. சுண்ணாம்பில் ஊறிய மயிர், தோலில் சுரண்டி எடுத்த ஜவ்வு, அழுகின துண்டுகள். நாற்றத்தில் சோறு இறங்கவில்லை. குடிக்கவும் சமைக்கவும் மாட்டுக்குக் காட்டவும் நமக்கு அந்த ஓடை ஒன்றுதான். பெரிய மழை ஒன்று வந்தால் மேட்டில் இருப்பதெல்லாம் அதில்தான் இறங்கும்.

மாமாவும் நானும் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனோம். வீட்டுக் குப்பைதான் எங்களுடையது, ஷாப்புக் குப்பைக்கு எங்களுக்கு அதிகாரம் கிடையாது, அதற்கென்று சர்க்கார் தனி ஆபீஸ் வைத்திருக்கிறது என்றார்கள். பஸ் மாறி அங்கேயும் போனோம். அந்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார்.

"எங்க கொட்டியிருக்கான்? தரையிலயா, தண்ணியிலயா?"

"கரை மேல கொட்டிக்கிறாங்க சார். மழை வந்தா தண்ணியிலதான்," என்றார் மாமா.

"வந்தாதானே? எங்க சட்டம் தண்ணிக்குத்தான்யா. தரையில கெடக்குற குப்பை மேல நான் கை வெக்க முடியாது."

"அப்ப இன்னா சார் பண்றது?"

"தண்ணியில வுழட்டும். வுழுந்தா சொல்லு, அன்னிக்கே ஜீப்பு வரும்."

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. வழி சொல்லிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் என்னிடம் சொன்னார்:

"மழை வந்தா மொத்தமும் தண்ணியில பூடும் மச்சான். நாம கொஞ்சமா தள்ளுவோம். ஜீப்பு வந்து மீதிய வாரிக்கினு போய்டும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

மறுநாள் எல்லா வீட்டிலும் தண்ணீர் பிடித்து வைக்கச் சொன்னார். மாடுகளைக் கட்டிப்போடச் சொன்னார். பிறகு மம்முட்டியால் கொஞ்சம் குப்பையை ஓடையில் தள்ளினார். நான் கீழே இறங்கிப் போய் போஸ்டாபீசிலிருந்து போன் போட்டேன். சொன்னபடியே அன்றைக்கே ஜீப்பு வந்தது. பாட்டிலில் தண்ணீர் எடுத்தார்கள்.

"யாரு தள்ளுனது?" என்று அதே அதிகாரி கேட்டார்.

"நான்தாங்க சார். நீங்க சொன்னீங்களே."

"தள்ளச் சொன்னேனா?"

"வுழட்டும்னு சொன்னீங்க சார்."

"வுழறது வேற, தள்றது வேற. ஏறுய்யா வண்டியில."

மம்முட்டியையும் சாட்சிக்கு எடுத்துப்போட்டார்கள். மேட்டில் இருக்கும் குப்பை என்ன ஆகும் என்று கேட்டேன். "அது தரையில இல்ல கெடக்குது?" என்றார் அதிகாரி.

கோர்ட்டில், தள்ளினாயா என்று மட்டும் கேட்டார்கள். ஏன் தள்ளினாய் என்று கேட்பார்கள், சொல்லலாம் என்று மாமா காத்திருந்தார். யாரும் கேட்கவில்லை. சாமை அறுப்புக்கு முன் ஜெயிலுக்குப் போனவர், புளி உலுக்கி முடிந்தபிறகு வந்தார்.

நடுவில் மழை பெய்து மேடு மொத்தமும் ஓடையில் இறங்கிவிட்டது. அத்தையின் கறவை மாடு அந்தத் தண்ணீரைக் குடித்துச் செத்தது. மறுபடியும் போன் போட்டேன். "மழை தள்ளுனதுக்கு யார் மேலய்யா கேஸ் போடச் சொல்ற?" என்று வைத்துவிட்டார்கள். ஓடையைக் கெடுத்தது மாமாதான் என்று நம் ஊரிலேயே பேசினார்கள். தூரத்துச் சுனைக்குத் தண்ணீர் எடுக்கப் போன பெண்கள் அத்தையைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

அவர் திரும்பி வந்த சில நாளில் அதே லாரியும் வந்தது. கொட்டிவிட்டு டிரைவர் தலையை நீட்டிச் சொன்னான்: "இன்னா பெருசு, இதையும் தள்ளி வுடு, ஜீப்பு வரும்."

லாரி ஆட்கள் சிரித்தார்கள். அங்கே நின்ற நம் ஆட்களும் சிரித்தார்கள். அந்தப் பெயர் அன்றைக்கு வைத்தது.

நேற்று நீங்கள் கத்தியபோது ஒன்றைக் கவனித்திருக்க மாட்டீர்கள். மாமா கோபப்படவில்லை. திரும்பி, ரோட்டைத்தான் பார்த்தார்.