ஜெபமணி பத்து மதிப்பெண் கேட்ட நாள்

செய்தி வந்த நேரத்தில் நான் தேர்வறையில் மேற்பார்வையில் இருந்தேன். மேற்பார்வைக்குப் போகிறவர்கள் கைப்பேசியைக் கொண்டுபோகக் கூடாது என்பதால் அது துறை அறையில் என் மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. ஒரு மணிக்கு விடைத்தாள்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்து பார்த்தால் பதினான்கு அழைப்புகள். பதினான்கும் ஒரே விஷயத்துக்குத்தான். ஜெபமணி காலையில் நடந்துவிட்டு வந்து, காபியைக் குடித்துவிட்டு, நெஞ்சை என்னவோ செய்கிறது என்று உட்கார்ந்திருக்கிறான். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவிலிருந்து இறக்கும்போதே உயிர் இல்லை. ஐம்பத்து நான்கு வயது. இதெல்லாம் ஒரு வயதா?

உங்களில் பலருக்கு அவர் ஜெபமணி சார். எனக்கு அவன். பி.எஸ்சி. கணிதம் முதலாண்டில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பிறகு அதே கல்லூரியில், அதே துறையில், பக்கத்துப் பக்கத்து மேசையில் ஆசிரியர்களாக இருந்தோம். முன்னாள் மாணவர் மலருக்கு அவனைப் பற்றி எழுத வேண்டும் என்று கேட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற மாதிரி இது முழுக்கப் புகழுரையாக இருக்காது. அவனைப் பற்றிச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயத்தில் நானும் இருக்கிறேன், நல்ல விதமாக அல்ல.

கணிதத்தை நாங்கள் ஆசைப்பட்டு எடுத்தோம் என்றால் அது பொய். எனக்குப் பொறியியல் கிடைக்கவில்லை. அவன் விண்ணப்பம் போடும் கடைசித் தேதியையே மறந்துவிட்டான். நான் பத்தமடைக்குப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவேன். அவன் பாளையங்கோட்டைக்காரன், அப்பா மிஷன் பள்ளியில் எழுத்தர், வீட்டிலிருந்து கல்லூரி கூப்பிடு தூரம். ஆனாலும் தினமும் பிந்தி வருகிறவன் அவன்தான். இரண்டு பேருமே தமிழ்வழியில் படித்தவர்கள். கரும்பலகை நிறைய ஆங்கிலமும் கிரேக்க எழுத்துகளுமாக இருந்த அந்த முதல் மாதம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது.

நான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன்: மனப்பாடம். தேற்றம், நிறுவல், கடைசி முற்றுப்புள்ளி வரை அப்படியே நெட்டுருப் போட்டேன். அவனால் அது முடியவே இல்லை. வரிக்கு வரி நின்றுவிடுவான்.

"லே இசக்கி, இந்த வரியிலேர்ந்து அந்த வரிக்கு எப்படிலே போனாவ?"

"எப்படியோ போனாவ. நீயும் போ. பரீட்சைக்கு இன்னும் மூணு நாளுதான் கெடக்கு."

"தெரியாம எங்கன போகச் சொல்லுத?"

ரியல் அனாலிசிஸ் தாளில் நான் வகுப்பில் முதல். அவனுக்கு அரியர். அறிவிப்புப் பலகைக்கு முன்னால் நின்று என் தோளில் தட்டி, "நீ நல்லா ஒப்பிக்குதலே. ஆனா நடுவுல ஒரு வரிய எவனாவது உருவிட்டான்னா விழுந்துருவ" என்றான். வயிற்றெரிச்சலில் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அவனுக்கு வயிற்றெரிச்சல் என்பதே கிடையாது என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல வருடங்கள் ஆயின.

ஆசிரியராக அவன் எப்படி என்பதை நீங்களே அறிவீர்கள். கரும்பலகையில் அவன் எழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். பாடத்திட்டம் ஒரு வருடமும் முடிந்ததில்லை. கடைசிப் பகுதியை நான் போய் ஓட்டிவிட்டு வருவேன், திட்டிக்கொண்டேதான். ஒரு முறை ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு தகப்பனார் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து, கணிதத்திலிருந்து வேறு படிப்புக்கு மாற்றிக் கொடுங்கள் என்று நின்றார். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"இதைப் படிச்சா என்ன வேலை சார் கெடைக்கும்?" என்று கேட்டார்.

"வேலை கெடைக்குமான்னு எனக்குத் தெரியாது அண்ணாச்சி. ஆனா மூணு வருசம் இதை ஒழுங்காப் படிச்சா, இந்தப் பிள்ளைய ஒருத்தன் ஏமாத்துறது கஷ்டம்" என்றான் ஜெபமணி.

"இப்பவே வீட்டுல எங்கள ஒரு வார்த்தை பேச விடமாட்டேங்கா" என்று அவர் சிரித்துவிட்டார். அந்தப் பெண் இங்கேயே படித்தது. அன்று அவனைப் பார்த்து, வேலைக்கு வழி சொல்லாமல் வேதாந்தம் பேசுகிறான் என்று நான் கிண்டல் செய்தேன்.

இனி, சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், கோடையில், விடைத்தாள் திருத்தும் முகாம். பெரிய கூடம், நீள மேசைகள், ஆளுக்கு ஒரு கட்டு. தாளில் மாணவர் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். எந்த வினாத்தாளை யார் தயாரித்தார் என்பதும் ரகசியம். அந்த ரியல் அனாலிசிஸ் வினாத்தாளில் பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி வந்திருந்தது.

கணிதம் படிக்காதவர்களுக்காக அதைச் சொல்லிவிடுகிறேன். முடிவில்லாமல் எண்களைக் கூட்டிக்கொண்டே போகிறோம். கூட்டுத்தொகை ஒரு குறிப்பிட்ட எண்ணை நெருங்கிப் போய் அடங்குகிறது என்றால், கூட்டுகிற எண்கள் சிறுத்துச் சிறுத்துப் பூஜ்யத்தை நெருங்கியாக வேண்டும். இது உண்மை, மூன்று வரியில் நிறுவலாம். வினாத்தாளில் இதைத் தலைகீழாகக் கேட்டிருந்தது: எண்கள் பூஜ்யத்தை நெருங்கினால் கூட்டுத்தொகை அடங்கும் என்று நிறுவுக. இது பொய். பொய்யை நிறுவ முடியாது.

ஆனால் எல்லாரும் நிறுவியிருந்தார்கள். கேள்வி எதுவானால் என்ன, பிள்ளைகள் நெட்டுருப் போட்டிருந்த அந்த மூன்று வரியை எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். விடைக்குறிப்பிலும் அதே மூன்று வரி. திருத்துகிறவர்களும் பத்துக்குப் பத்து போட்டுக்கொண்டே போனார்கள். ஜெபமணியும் போட்டான். பதினேழு தாளுக்குப் போட்டேன் என்று பிறகு அவனே எல்லார் முன்னாலும் சொன்னான்.

பதினெட்டாவது தாளில் ஒரு பிள்ளை வேறு மாதிரி எழுதியிருந்தது. இதை நிறுவ முடியாது, ஏனென்றால் இது உண்மையில்லை. ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று கூட்டிக்கொண்டே போங்கள். மூன்றாவதும் நாலாவதும் சேர்ந்தால் அரைக்கு மேல். அடுத்த நாலு சேர்ந்தால் அரைக்கு மேல். அடுத்த எட்டும் அப்படியே. எண்கள் சிறுக்கின்றன, கூட்டுத்தொகை அடங்கவே இல்லை. அவ்வளவுதான் எழுதியிருந்தது. மற்ற கேள்விகளில் அந்தத் தாள் சுமார். இந்தப் பத்து இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்கு அரியர்.

ஜெபமணி தாளைத் தூக்கிக்கொண்டு முதன்மைத் தேர்வாளரிடம் போய் நின்றான். அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரிதான் சார். ஆனா இப்ப இதைக் கெளப்புனா மொத்த முகாமும் நிக்கும். ஒரு ஆறு, ஏழு கருணை மதிப்பெண் போட்டுப் பாஸ் பண்ணி விட்டுருங்க" என்றார்.

"கருணை மதிப்பெண்ண, கேள்வியப் படிக்காமப் பத்து பத்தாப் போட்ட எங்களுக்கு வேணா குடுங்க. இந்தப் பிள்ளை கூடத்துல இருக்கிற நம்ம எல்லாரையும் விடச் சரியா எழுதிருக்கு. பத்து குடுக்கணும். விடைக்குறிப்ப மாத்தணும்."

"கேள்வி போட்டவர் தப்புன்னு சொல்லட்டும், மாத்துதேன். நீங்க யாரு சொல்றதுக்கு?"

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தேன். அந்தக் கேள்வியைப் போட்டவன் நான். விடைக்குறிப்பு எழுதியவனும் நான். அவசரத்தில், நினைவிலிருந்து எழுதும்போது தலைகீழாகப் போட்டுவிட்டேன். காலையில் என் கட்டின் இரண்டாவது தாளைத் திருத்தும்போதே எனக்குத் தெரிந்துபோயிற்று. துறைத் தலைவர் பொறுப்பு அந்த ஜூனில் எனக்கு வருவதாக இருந்தது. பேசாமல் திருத்திக்கொண்டே போனேன்.

என் கட்டுக்குள் அப்படி ஒரு தாள் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. இது உண்மையில்லை என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தது. தெரிந்தே பூஜ்யம் போட்டிருந்தேன். அங்கே ஜெபமணி வாதாடிக்கொண்டிருந்தபோது, யாரும் பார்க்காமல் அந்தத் தாளைத் தேடி எடுத்து, பூஜ்யத்தை அடித்துப் பத்து போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பமும் இட்டேன். அன்று நான் செய்த காரியம் அவ்வளவுதான்.

கடைசியில், எழுத்தில் கொடுத்தால் பார்க்கலாம் என்றார்கள். அங்கேயே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அந்தத் தாளுக்குப் பத்து கிடைத்தது. மற்ற கட்டுகளை யாரும் பிரிக்கவில்லை. முகாமின் வேலையைத் தடுத்ததாக அவனிடம் விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அதன் பிறகு நாலு வருடம் அவனை எந்த முகாமுக்கும் அழைக்கவில்லை. என்னை அழைத்தார்கள், போனேன்.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். ஆற்றுப் பாலத்தில் வண்டி மெதுவாக ஊர்ந்தது.

"யாரு போட்டிருப்பான்லே அந்தக் கேள்விய?" என்றான்.

"எவனோ" என்றேன்.

"பாவம், அவசரத்துல போட்டிருப்பான். நாமளும் போடுதோம்ல. தப்பு வரத்தான் செய்யும். ஆனா கூடத்துல இருந்திருந்தான்னா எந்திரிச்சிருக்கணும். நீ போட்டிருந்தேன்னு வையி, மொத ஆளா எந்திரிச்சுச் சொல்லிருப்ப. எல்லாரும் உன்ன மாதிரி இருப்பானாலே?"

நான் சன்னல் வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவன் கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டான்.

சொல்ல எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. தினமும் இரண்டு வேளை ஒன்றாக டீ குடித்தோம். நாளைக்குச் சொல்லலாம், முழுப் பரீட்சை முடியட்டும், பொறுப்பிலிருந்து இறங்கிய பிறகு சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். அடக்க ஆராதனைக்கு மறுநாள் கல்லூரியில் இரங்கல் கூட்டம் நடந்தபோது என்னைப் பேச அழைத்தார்கள். இதே சம்பவத்தைச் சொன்னேன். ஜெபமணியின் துணிச்சலைப் பற்றிக் குரல் தழுதழுக்கப் பேசினேன். கேள்வியைப் போட்டவர் யாரென்று மட்டும் சொல்லவில்லை. இறங்கி வந்ததும் நாலு பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப உருக்கமாகப் பேசினீர்கள் என்றார்கள். வீட்டுக்கு வந்து என் மீதே காறித் துப்பலாம் போல இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அவன் மனைவி எஸ்தரிடம் வாசித்துக் காட்டிவிட வேண்டும் என்று போனேன். முழுவதும் வாசித்தேன். அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கும் அண்ணே, உங்களுக்காகத்தான் பேசாமல் இருந்திருப்பார் என்று ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று என் மனதில் ஒரு நப்பாசை இருந்தது.

எஸ்தர் அழவில்லை.

"அவுகளுக்குத் தெரியாது அண்ணே. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னு, 'ஏலே, நீதானா அது'ன்னு கேட்டிருப்பாவ. ஒண்ண மனசுல வச்சுக்கிட்டு வெளிய சிரிக்கத் தெரியுமா அவுகளுக்கு?"

நான் தாள்களை மடித்தேன்.

"ஒரு வரிகூட மாத்தாதீங்க. உங்க பேரைப் போட்டே குடுங்க" என்று சொல்லிவிட்டு, டீ போட எழுந்து போனாள்.

மூன்று வருடம் ஒரே பெஞ்சு, பிறகு அத்தனை வருடம் ஒரே துறை. இத்தனை காலமும் ஜெபமணி என்னை நேர்மையான ஆள் என்று நம்பினான். அந்த நம்பிக்கையோடேயே போய்விட்டான். அவனிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான். அது எனக்கு உரியதல்ல. திருப்பிக் கொடுக்க ஆளும் இல்லை.

இசக்கிமுத்து