மூன்றாவது ஆல்பமும் நெல்லுக் குருவிகளும்

டெத் மெட்டல் என்கிற உறுமல் ராக் இசையைக் கேட்பவர்களே உலகத்தில் கொஞ்சம் பேர். அந்தக் கொஞ்சம் பேரும் சேர்ந்து குப்பை என்று ஒதுக்கிய ஆல்பம் ஒன்று உண்டு. ஏதோ குளிர்நாட்டுக் குழு ஒன்றின் மூன்றாவது ஆல்பம். வேகமே இல்லையாம், டிரம்ஸ்காரன் தூங்கிவிட்டானாம். எனக்கு உயிரே அதுதான். கீழ்வேளூர் பக்கம் வயல் வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் தேவையா என்று நீங்கள் கேட்க வேண்டாம். என் மனைவி தினமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.

அதன் அருமையே நிதானம்தான். மற்றவர்கள் எடுத்த எடுப்பிலேயே அடித்து நொறுக்குவார்கள். கொஞ்ச நேரத்தில் காது மரத்துவிடும். இவர்கள் அப்படியில்லை. கிடார் அடிவயிற்றில் உருண்டுகொண்டே போகும். சட்டென்று எல்லாம் நிற்கும். அவ்வளவுதான், முடிந்தது என்று நாம் நினைக்கும்போது பாடுகிறவன் உறுமுவான் பாருங்கள், பழைய டீசல் என்ஜின் புகை கக்கிக்கொண்டு பிடித்துக்கொள்வது போல. எனக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு சிலிர்க்கும்.

ஒரே ஒரு ஆளாவது இதை முழுசாகக் கேட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். அதுதான் என் ஆசை. அந்த ஆள் யார் என்றும் முடிவு செய்து வைத்திருந்தேன்: என் மனைவியின் அண்ணன், பக்கத்து வயல்காரர். கோயில் திருவிழாவுக்கு எந்த நாகஸ்வரக்காரரைக் கூப்பிடலாம் என்று ஊரே அவரைத்தான் கேட்கும். ஒருமுறை அவரைக் காரில் உட்காரவைத்து முதல் பாட்டைப் போட்டேன்.

"மாப்ள, வண்டிய ஓரங்கட்டுங்க. அடியில என்னமோ உரசுது" என்றார்.

போன குறுவையில் நாங்கள் இருவரும் ஊருக்கு முந்தி நட்டுவிட்டோம். கதிர் பால் பிடித்தபோது சுற்றுவட்டாரக் குருவிகளுக்கெல்லாம் எங்கள் வயல்தான் பந்தி. ஜிகினாத் தாள் கட்டினோம், தகரம் தட்டினோம். மச்சான் ஒரு சின்ன ஒலிபெருக்கி வாங்கி, நாய் குரைப்பதைப் பதிவு செய்து வரப்பில் வைத்தார். கொஞ்ச நாள் பயந்த குருவிகள் பிறகு ஒலிபெருக்கி மேலேயே உட்கார்ந்து நெல் உரித்தன. மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"மாப்ள, கர்ணகொடூரமா ஒண்ணு வச்சிருப்பீங்களே, அதக் கொடுங்க."

எனக்குச் சுருக்கென்றது. குருவி விரட்டவா அவர்கள் அதைப் பாடினார்கள்? முதலில் வேண்டுமென்றே ஊர் உலகம் கொண்டாடும் வேறொரு வேகமான ஆல்பத்தைக் கொடுத்தேன். மத்தியானத்துக்குள் குருவிகளுக்குப் பழகிவிட்டது. மறுநாள் என்னுடையதைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். உறுமியதும் குருவிகள் கூட்டமாக எழும்பின. அடங்கிவிட்டதே என்று இறங்கப் பார்த்தால் மறுபடி உறுமல். எப்போது வரும் என்று தெரியாமல் அல்லாடி, கடைசியில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன. இணையத்தில் அதைத் திட்டியவர்களை எல்லாம் கூட்டி வந்து வரப்பில் நிறுத்த வேண்டும் போலிருந்தது. பெருமை ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். வெறும் சத்தமாகத்தானே ஜெயித்திருக்கிறது!

மச்சான் தினமும் காலையில் அதைப் போட்டுவிட்டுப் பூவரச நிழலில் காவல் இருந்தார். டீக்கடையில் விசாரித்தவர்களிடம், "மருந்து மாதிரி வேல செய்யுது. ஆனா மனுசன் கேக்க முடியாது" என்றார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நெல் தப்பித்தது. அறுவடை மெஷின் வந்து இரண்டு வயலையும் அறுத்தது. மூட்டைகள் கொள்முதல் நிலையத்துக்குப் போய்விட்டன. பென் டிரைவை வாங்கி வரலாம் என்று ஒரு சாயங்காலம் வயல் பக்கம் போனேன். அறுத்த நெல்லின் அடித்தாள்தான் நின்றது, ஒரு குருவிகூட இல்லை. ஆனால் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. மச்சான் வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார்.

"அதான் அறுத்தாச்சே மச்சான், இன்னும் யார வெரட்டுறீங்க?"

அவர் திரும்பவில்லை. கையை மட்டும் உயர்த்தினார்.

"பேசாம உக்காருங்க மாப்ள. இப்ப உறுமுவான், இந்த எடத்தக் கெடுக்காதீங்க."