அண்ணனை வெளியே உட்கார வைத்த பிறகு

என் மகள் என்னிடம் எதையாவது கேட்பதற்கு முன் என் கையைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். முகத்தை அல்ல, கையை. சாப்பாட்டுத் தட்டைச் சுவரில் வீசிய நாளிலிருந்து அப்படி. ஒன்பது வயதுப் பிள்ளை அம்மா கையைப் பார்த்துப் பேசினால் அது வீடா? இந்தக் கோபத்துக்கு வைத்தியம் பார்த்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் வீட்டில் யாரும் டாக்டரிடம் தனியாகப் போவதில்லை. பல்வலிக்கும் துணைக்கு ஆள் வரும். அதே பழக்கத்தில் முதல் மனநலக் கவுன்சிலரிடம் அண்ணனைக் கூட்டிக்கொண்டு போனேன். முட்டாள்தனம். என்னைக் கேட்டதற்கெல்லாம் அவன்தான் பதில் சொன்னான்.

"சின்ன வயசுலேர்ந்தே இவளுக்கு வாய் ஜாஸ்தி சார். புருஷன் சும்மாவா போனான்?"

கவுன்சிலர் அதை எழுதிக்கொண்டார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்கம்மா" என்றார். அந்த நோட்டைப் பிடுங்கிக் கிழிக்கத் தோன்றியது.

இரண்டாவது கவுன்சிலர் ஒரு பெண், பெங்களூர் கோரமங்களாவில். தனியாகத்தான் போனேன். நல்லவர், ஆனால் ஆங்கிலம் மட்டும்தான். ஹெப்பகோடி கார்மென்ட்ஸ் கம்பெனியில் துணியில் குறை கண்டுபிடிக்கும் வேலை எனக்கு. அதற்குத் தேவையான ஆங்கிலம் வரும். திட்டுவதும் அழுவதும் அதில் வராது. கண்ணை மூடிக் கடற்கரையை நினைக்கச் சொன்னார். நான் கடற்கரைக்கு ஒரே தடவை போயிருக்கிறேன், அங்கே செருப்பு தொலைந்தது. அதுதான் நினைவுக்கு வந்தது. நான்கு வாரம் போனேன். ஐந்தாவது வாரம் வீட்டில் டம்ளர் பறந்தது.

"இது எனக்கு ஒத்துவரல மேடம்" என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ தமிழ் தெரிந்த நான்கு பேரின் நம்பர்களை அனுப்பினார்.

சாப்பாட்டு இடைவேளையில் கேன்டீன் பின்னால் நின்று ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். தமிழும் கன்னடமும் கலந்து பேசுவேன், புரியுமா? கூட வர்றவங்கள வெளிய உக்கார வைப்பீங்களா? கோபம் வர்ற நிமிஷத்துல என்ன செய்யணும்னு சொல்லித் தருவீங்களா, இல்ல கேட்டுக்கிட்டே இருப்பீங்களா?

ஒருவர் சிரித்தார். "என்னம்மா, இன்டர்வியூ எடுக்கறீங்களா?"

"ஆமா சார்" என்று போனை வைத்தேன்.

மூன்றாவதாகப் பேசிய பெண் சிரிக்கவில்லை. "எல்லாத்துக்கும் ஆமா. நான் சரிப்படலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்க" என்றார்.

அவரிடம் போன அன்று வேண்டாம் என்று சொல்லியும் அண்ணன் கூடவே வந்தான். "பேஜார் பண்ணாதண்ணா, வெளிய உக்காரு" என்று கதவைச் சாத்தினேன். கை ஓங்குவதற்கு முன் உடம்பில் என்ன ஆகிறது என்று அவர் கேட்டார். அதுவரை யாரும் கேட்டதில்லை. யோசித்துப் பார்த்தேன். தோள் இறுகும். இறுகியதும் கையில் இருப்பதைக் கீழே வைத்து, பிள்ளையிடம் சொல்லிவிட்டு வெளியே போகச் சொன்னார்.

போன வாரம் கரண்டியைக் கீழே வைத்தேன். "அம்மாக்குக் கோபம் வருதுடி" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் வந்தாள்.

"முடிஞ்சிடுச்சாம்மா?"

"இன்னும் இல்ல."

"சரி, மெதுவா முடி" என்று இரண்டு படி தள்ளி உட்கார்ந்தாள்.

இப்போதும் என் கையைத்தான் முதலில் பார்க்கிறாள். அது நிற்கும்வரை கவுன்சிலரிடம் போவேன்.