ஒட்டுப் போட்ட படகு

திருமழிசையில் பைபர் படகு செய்யும் பட்டறை ஆபீசில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தக் கர்வம் நடையிலேயே தெரியும். ஒருநாள், செம்பரம்பாக்கம் ஏரியில் மீன்பிடித்த ஒருவர் தன் பழைய படகை எங்கள் வாசலில் விற்பனைக்கு நிறுத்தினார். குட்டையான ஆள், வெயிலில் வெளுத்த புருவம். படகு விலைபோனால்தான் மாங்காட்டுக் கோயிலருகே பேசிவைத்த பூக்கடை அவருக்குக் கிடைக்கும்.

யார் வந்தாலும் அவரே படகின் அடியைத் தட்டிக் காட்டுவார். "இங்க டங்குனு கேக்குதா? இங்க தட்டு, டொக்குனு கேக்கும். கல்லுல மோதி ஒடஞ்சுது, நான்தான் ஒட்டிக்கீறேன்."

"படகு விக்கிறியா, பஞ்சர் கடை வெச்சிக்கினு கீறியா அண்ணாத்தே?" என்று ஒருவன் சிரித்தான். "இவ்ளோ சொல்றான்னா இன்னும் எதையோ மறைக்கிறான்" என்றான் கூட வந்தவன்.

"கேட்டா மட்டும் சொல்லுங்களேன் அண்ணே," என்றேன்.

"கேக்கத் தெரிஞ்சவன் தட்டிப் பாத்துப்பான்மா. தெரியாதவன்தான முழுகிப் பூடுவான்?"

பூக்கடை வேறொருவர் கைக்குப் போனது. கடைசியில் எங்கள் முதலாளியே அடிமாட்டு விலைக்குப் படகை வாங்கி, பச்சை பெயின்ட் அடித்தார். ஈரம் காய்ந்ததும் அது விற்றுப்போனது.

சேதி கேட்டு அந்த மீனவர் வந்தார். "வாங்குனவரு ஊடு எங்கம்மா?"

"வேப்பம்பட்டு," என்றேன்.

பெயின்டுக்கு அடியில் ஒட்டு எங்கே இருக்கிறது என்று சொல்ல, உடனே பஸ் ஏறிவிட்டார். வாங்கியவராவது அவரை நம்பினாரா, தெரியவில்லை.