ஒன்றரை நாள்

அவர் மயக்க மருந்து டாக்டர். மருத்துவக் கல்லூரியில் பாடமும் நடத்துகிறார். ஆனால் எந்த வார்டில் போய்க் கேட்டாலும் 'சங்கத்தம்மா' என்றால்தான் தெரியும். கற்பித்தலும் ஆராய்ச்சியும் செய்கிற டாக்டர்களுக்கென்று இருக்கும் சங்கத்தில் அவர்தான் பிரதிநிதி. அந்தப் பதவிக்கு அவர் ஆசைப்பட்டதே இல்லை. பொதுக்குழு நடக்கும்போது காபி குடிக்க எழுந்து போனார். திரும்பி வருவதற்குள் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். "எந்திரிச்சுப் போனவதானே மறுத்துப் பேச மாட்டா!" என்று அவர் கணவர் இன்றைக்கும் கேலி செய்வார்.

இந்த டாக்டர்கள் படுகிற பாடு இருக்கிறதே, அது தனி அவஸ்தை. வேலைக்கு எடுத்தது பல்கலைக்கழகம், வேலை வாங்குவது ஆஸ்பத்திரி. ஒரு விடுப்புக் கேட்டால்கூட இவர்கள் அங்கே போ என்பார்கள், அவர்கள் இங்கே போ என்பார்கள். இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதற்குள் சங்கத்தம்மாவுக்குப் பாதி உயிர் போய்விடும். மீதி உயிரை வாங்குவது, யாருக்காகப் பேச வந்தாரோ அந்த மகானுபாவர். ஆராய்ச்சி செய்து பழகியவர்கள் தங்கள் வேலையில் உள்ள குறைகளைத் தாங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள். கட்டுரையில் அது நேர்மை, சரி. மேலதிகாரி முன்னால் செய்தால், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வதுதான்.

அன்று சிறுநீரக டாக்டரின் முறை. வாரத்தில் இரண்டு நாள் அவருக்கு ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். வெளிநோயாளிகள் கூட்டம் அதிகமாகிவிட்டது, இரண்டு நாளையும் கொடு என்றது ஆஸ்பத்திரி. கொடுத்தால் ஆறு வருட ஆய்வு அத்தோடு சரி.

"நீங்க வாயே திறக்காதீங்க" என்று போகும் வழியிலேயே சொல்லி வைத்தார் சங்கத்தம்மா. "நான் ரெண்டு நாளும் வேணும்னு அடிச்சுப் பேசுவேன். இழுத்துப் பறிச்சு ஒன்றரைல வந்து நிக்கும். போதும்ல?"

"போதும்க்கா. அதுக்குக் கீழ போனா ஒண்ணும் நடக்காது. நோயாளிங்ககிட்ட ரத்தம் எடுத்து வச்சுக்கிட்டு அதைச் சோதிச்சுப் பாக்க நேரமில்லாம உக்காந்திருப்பேன்."

கூட்ட அறையில் ஒரு பக்கம் ஆஸ்பத்திரி இயக்குநர், பக்கத்தில் பல்கலைக்கழக டீன். சங்கத்தம்மா தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பிப்பதற்குள் இயக்குநர் சிரித்த முகமாக டாக்டரைப் பார்த்துக் கேட்டார்:

"உண்மையைச் சொல்லுங்க. உங்களுக்கு எவ்வளவு நேரம் தேவைப்படுது?"

"ஒன்றரை நாள் சார்."

சங்கத்தம்மா மேசைக்கடியில் அவர் காலை மிதித்தார். மனிதர் காலை நகர்த்திக்கொண்டு மேலே பேசினார். "அதுவும் கடைசில என்ன தெரியவரும்னு இப்ப சொல்ல முடியாது சார். ஒண்ணுமே தெரியாமலும் போகலாம்."

"அப்ப ஒரு நாள்னு வச்சுக்குவோம்" என்றார் இயக்குநர். அவருக்கு என்ன தெரியும், பாவம். இத்தனை வருடத்தில் எல்லோரும் கூட்டித்தான் கேட்டிருக்கிறார்கள், யாரும் அவரிடம் உண்மையான கணக்கைச் சொன்னதில்லை.

சங்கத்தம்மா இடைவேளை கேட்டு டாக்டரை நடைபாதைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஏன் தம்பி, நான் உங்களுக்காகப் பேச வந்தேனா, அவங்களுக்காகப் பேச வந்தேனா?"

"அவர் கேட்டாரேக்கா. பொய் எப்படிச் சொல்றது?"

இந்த ஆளை என்னதான் செய்வது! சங்கத்தம்மாவுக்கு ஆத்திரமாகவும் வந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. மறுபேச்சுப் பேசாமல் உள்ளே திரும்பினார்.

"சார், இவருக்குப் பேரம் பேசத் தெரியாது. ஒன்றரைன்னா ஒன்றரைதான். ஒரு நாள் குடுக்கிறதும் ஆய்வை இழுத்து மூடுறதும் ஒண்ணுதான். மூடுறதுன்னா இன்னைக்கே மூடிடலாம். அதுக்கு ரத்தம் குடுக்கிற நோயாளிங்ககிட்ட யார் சொல்லப் போறீங்க?"

இயக்குநர் டீனைப் பார்த்தார். "ஆய்வு பல்கலைக்கழகத்தோடதுதானே?"

"நோயாளிங்க உங்க ஆஸ்பத்திரி நோயாளிங்க" என்றார் டீன்.

சங்கத்தம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர்களாகவே மாட்டிக்கொண்டு முழிக்கட்டும் என்று விட்டுவிட்டார். கடைசியில் இயக்குநர் டாக்டரிடமே திரும்பினார். "நீங்களே சொல்லிடலாமே?"

"சொல்றேன் சார். இருக்கிறவங்ககிட்ட சொல்லிடுவேன்." டாக்டர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதனால உங்களுக்குக் குணமாகாதுன்னு நான் முதல் நாளே அவங்ககிட்ட சொல்லிட்டேன். பரவால்ல, பின்னால வர்றவங்களுக்காவது ஆகட்டும்னு கையை நீட்டினாங்க. நரம்பு கிடைக்காம நாலு தடவ குத்தினாலும் பொறுத்துக்கிட்டாங்க. அவங்கள்ல பாதிப் பேர் இப்ப உயிரோட இல்ல சார். அவங்ககிட்ட எப்படிப் போய்ச் சொல்றது?"

டீன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இயக்குநரும் ஒரு காலத்தில் வார்டு வார்டாக அலைந்தவர்தான்.

"ஒன்றரைன்னே எழுதிக்குங்கம்மா" என்றார்.

சூட்டோடு சூடாக எழுதி அங்கேயே கையெழுத்து வாங்கிவிட வேண்டும், இல்லையென்றால் மறுநாள் பேச்சு மாறும். சங்கத்தம்மா அதில் கறார். எழுதிவிட்டு, இரண்டு பேரும் போடணும் என்று சொல்ல வாயெடுத்தார். முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, காகிதத்தை அவர்கள் பக்கம் தள்ளினார். இருவரும் போட்டார்கள்.