சூரன்போரன்று மகளின் கையில் இருந்த காப்பு

இதை எழுதலாமா விடலாமா என்று பல வருசமாக யோசித்தேன். பேனையை எடுப்பேன், மேலே பிள்ளையார் சுழி போடுவேன், அதோடு கொப்பியை மூடிவிடுவேன். ஊரில் பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை கண்டால் பொறுத்துக்கொள்ளுங்கோ. போன கிழமை மகளே, "எழுதுங்கோ அம்மா, நடந்ததை நடந்தபடி எழுதுங்கோ" என்று சொன்ன பிறகுதான் கை ஓடுகிறது.

அப்போது அவள் யூனிவர்சிட்டியில் முதல் வருசம். தெற்கு லண்டன் நோர்பரியில் எங்கள் வீட்டிலிருந்துதான் ரயிலில் போய்வந்தாள். பள்ளிக்கூடக் காலத்தில் அவளுக்குச் சிநேகிதம் என்று ஒருத்தரும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டை லைப்ரரி மூலையில் தனிய இருந்து சாப்பிடுகிற பிள்ளை. அப்படிப்பட்டவள் ஒருநாள் படியேறும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, என்னை எடுத்திருக்கினம்."

"எங்க பிள்ளை, வேலைக்கோ?"

"இல்லை, சொரோரிட்டிக்கு."

அது என் நாக்கில் வரவில்லை. சகோதரிகள் சங்கம் என்று வைத்துக்கொண்டேன். அமெரிக்காவில் இருக்கிற வழக்கமாம், அதைப் பார்த்து இங்கே சில பிள்ளைகள் தொடங்கினார்களாம். சேருகிற ஒவ்வொருத்திக்கும் மூத்த வகுப்பில் ஒரு அக்கா. இவளுக்குக் கிடைத்தது சென்னைக்காரப் பிள்ளை, மருத்துவம் படிக்கிறவள். அந்தப் பிள்ளை போனில் கூப்பிட்டால் இவள் குரலே வேறு மாதிரி இருக்கும். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசை என்று முருகனுக்குத்தான் தெரியும்.

அதே நேரம் வீட்டில் இன்னொரு பாரம். இவருக்கு இருதயத்தில் அடைப்பு. கந்தசஷ்டி முடிந்து வருகிற திங்கட்கிழமை ஒப்பரேசன் என்று ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டார்கள். நான் வருசா வருசம் சஷ்டி பிடிக்கிறவள். அந்த முறை மகள் தானாக வந்து, "நானும் பிடிக்கிறன் அம்மா, அப்பாவுக்காக" என்றாள். முதல்நாள் கோயிலில் ஐயர் அவளின் இடது கையில் காப்புக் கட்டினார். மஞ்சள் நூல்தான். ஆனால் கட்டினால் கட்டினதுதான். சூரன்போர் முடிந்து மறுநாள் காலை விரதம் முடித்துச் சாப்பிடுகிற பாறணை வரைக்கும் அதைக் கழற்றக் கூடாது, விரதத்தையும் முறிக்கக் கூடாது, கடைசி நாள் தண்ணிகூடக் குடிக்கக் கூடாது. முறிந்தால் யாருக்காகப் பிடித்தோமோ அவருக்கு ஆகாது என்று நான் நம்பினேன். மகளும் நம்பினாள்.

விரதத்தின் நடுவிலேதான் சங்கத்தில் சேருகிற நாளை அறிவித்தார்கள். சூரன்போர் அன்று பின்னேரம், கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் மூத்த பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிற வீட்டில். வெள்ளை உடுப்பு. உடம்பில் நகை, மணிக்கூடு, நூல் எதுவும் இருக்கக் கூடாது. எல்லோரும் வெறுங்கையோடு சமமாக நிற்க வேண்டுமாம். ஒரே கேக்கை ஒருத்திக்கொருத்தி ஊட்டிவிட்ட பிறகு மணிக்கட்டில் பச்சை ரிப்பன் கட்டுவார்களாம்.

"வேற நாள் கேட்டுப்பார்."

"கேட்டன். எல்லாருக்கும் ஒரே நாள்தான் அம்மா."

"அப்ப என்ன செய்யப்போறாய்?"

அவள் ஸ்வெட்டர் கையை இழுத்துக் காப்பை மூடினாள். கதிரையில் இருந்த இவர்தான் சிரித்தார். "கேக் தின்னத்தான் வேணுமெண்டால் அவளுக்குப் பதிலா என்னை அனுப்பு. டொக்டர் இனிப்பை நிப்பாட்டி எவ்வளவு காலம்!" நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

சூரன்போரன்று மகள் காப்போடேயே அந்த வீட்டுக்குப் போனாள். நான் வழமையாகப் போகிற கோயிலை விட்டுவிட்டுக் கிழக்கு லண்டன் கோயிலுக்குப் போனேன். அன்றைக்கு மகள் நிற்கிற பக்கம் அதுதான். வீதியில் சூரன் தலை மாறி மாறி வருகிறான், சனம் அரோகரா என்று கத்துகிறது, என் கை கோட்டுப் பைக்குள் போனைப் பிடித்தபடி இருந்தது. சேவல் கொடி உயரும்போது போன் அதிர்ந்தது.

"ஆன்ட்டி, நான் அவளோட அக்கா பேசறேன். கொஞ்சம் உடனே வர முடியுமா?"

வேலும் கும்பிடும் எங்கே போனதென்று தெரியாது. கோயில் வாசலில் நின்ற ஒரு தம்பியிடம் கெஞ்சி அவரின் காரில் போய் இறங்கினேன். கதவு திறந்தே கிடந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், வெள்ளை உடுப்போடு பிள்ளைகள் சுவரோரம் நிற்கிறார்கள். மேசையில் கேக். பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல். மகள் மாடிப்படியில் இருந்தாள், இடது மணிக்கட்டை மற்றக் கையால் இறுக்கிப் பொத்தியபடி.

"வெட்டிப்போட்டினமோ?"

"இல்லை அம்மா. இருக்கு." கையை எடுத்துக் காட்டினாள்.

"கத்தரிக்கோல் ரிப்பன் வெட்டறதுக்கு ஆன்ட்டி," என்றாள் சென்னைப் பிள்ளை. "இவ நின்னுட்டிருக்கும்போதே கண்ணு சொருகிடுச்சு. பல்ஸ் ரொம்ப வேகமா இருக்கு. எதாவது குடிச்சே ஆகணும். சொன்னா கேக்க மாட்டேங்கறா. ஆம்புலன்ஸும் வேணாங்கறா."

மகளின் உதடு வெடித்திருந்தது. என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"நான் குடிச்சா அப்பாவுக்கு ஒண்டும் ஆகாதோ அம்மா? நீங்கள் சொல்லுங்கோ."

ஒரு பக்கம் இவர், ஒரு பக்கம் இவள். அத்தனை பிள்ளைகளும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த இடத்திலேயே கண்ணை மூடிச் சத்தமாகச் சொன்னேன். "முருகா, பிள்ளை இவ்வளவு தூரம் கொண்டுவந்திட்டாள். மிச்சத்தை நான் தூக்கிறன். நாளைக்கு நான் பாறணை செய்யமாட்டன். அவர் ஒப்பரேசன் முடிஞ்சு கண் திறக்கிறவரைக்கும் பாலைத் தவிர ஒண்டும் என்ர வாயில படாது. இவளை விடு."

பிறகு பால் கேட்டேன். சூடாக்கிச் சீனி போட்டுக் கொண்டுவந்தார்கள். "மெல்ல மெல்லக் குடி, குஞ்சு." அவள் அழுதுகொண்டே குடித்தாள்.

தலைவியாக இருந்த வெள்ளைக்காரப் பிள்ளை குந்தியிருந்து அவளின் முழங்காலில் கை வைத்தது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான், இவளுக்கு மாற்றினால் முந்தி தன் அம்மம்மாவின் மோதிரத்தைக் கழற்றிய இன்னொரு பிள்ளைக்கு என்ன சொல்வது என்று கேட்டது. அந்த நூலைக் கழற்ற ஏலுமோ என்றும் கேட்டது. மகள் எழும்பினாள். மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இது அப்பாவினுடையது, நாளைக்குக் காலையில்தான் கழற்றலாம், இன்றைக்கு ரிப்பன் வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். நான் ஒரு வார்த்தையும் எடுத்துக்கொடுக்கவில்லை.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்தாள்.

"ரிப்பன் இல்லாமல் போனதுக்கோ அழுறாய்?"

"ஓம்," என்றாள். "அப்பாவுக்காகத்தானே எண்டு மனதை ஆத்திப் பாக்கிறன். ஏலாமக் கிடக்கு."

மறுநாள் ஐயர் காப்பை அவிழ்த்தார். பால் குடித்ததையும் அவருக்குச் சொன்னேன். திருநீற்றை அள்ளி இரண்டு பேருக்கும் பூசிவிட்டுப் போனார். மகள் பாறணை சாப்பிட்டாள், நான் பக்கத்தில் இருந்து பரிமாறினேன். திங்கட்கிழமை ஆஸ்பத்திரி நடையில் பிளாஸ்க்கில் பாலோடு இருந்தேன். பயத்தில் பசி தெரியவில்லை. பின்னேரம் டொக்டர் வந்து கையைப் பிடித்து, எல்லாம் சரி என்றார். கண் திறந்ததும் இவர் கேட்டது, "இஞ்சேரும், நீர் சாப்பிட்டீரோ?" என்றுதான். நடந்ததைச் சொன்னேன். "பிள்ளையைப் பட்டினியால விழுத்தியோ முருகன் என்னைக் காப்பாத்துவார்?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த தவணையில் திரும்பவும் நாள் வைத்தார்கள். மகள் போனாள். வெறுங்கைதான், காப்பு இல்லாத காலம். கேக்கும் சாப்பிட்டாள், ரிப்பனும் கட்டினார்கள். சென்னைப் பிள்ளை இன்றைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து போகிறது.

பிறகு இந்தக் கதை கோயிலுக்குக் கோயில் பரவியது. எங்களுக்குப் பக்கத்தில் இருக்கிற தோர்ண்டன் ஹீத் கடையில் ஒரு அம்மா என்னை யாரென்று தெரியாமல் எனக்கே சொன்னா. வெள்ளைக்காரிகள் பிள்ளையைப் பிடித்துக் காப்பை வெட்டினார்களாம், வெட்டின கத்தரிக்கோல் கையிலேயே உடைந்ததாம். வேறு ஆட்கள் மயில் வந்தது என்றும் சொல்லுகிறார்கள். முருகனுக்கு இதெல்லாம் தேவையில்லை. அந்தப் பிள்ளைகள் ஒருத்தரும் அவளைத் தொடவில்லை. அவள் பால் குடித்தாள். குடித்ததற்காக அவளின் அப்பாவை முருகன் கைவிடவில்லை. நோயோடு, பிள்ளைகளோடு விரதம் பிடிக்கிற தாய்மாருக்கு இது உதவும் என்று நினைத்தால் சொல்லுங்கோ. சொல்லும்போது மயிலைச் சேர்க்காதேங்கோ, அந்தக் கிளாஸ் பாலை விட்டுவிடாதேங்கோ.