பால் லொறிக்கு முப்பத்தாறு காற்று

பால் எடுக்கப் போகிறவளுக்கு மாட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்திருக்க வேண்டியிருந்ததெல்லாம் காற்றைப் பற்றித்தான்.

எங்கள் பால் சங்கத்துக்குப் பற்றரியில் ஓடும் சின்ன லொறி ஒன்று கிடைத்தது. வட்டக்கச்சிப் பக்கத்து வீடுகளில் விடியற்காலையில் பால் எடுத்து, கிளிநொச்சியில் உள்ள சங்கத்தின் குளிரூட்டும் நிலையத்துக்கு ஒன்பது மணிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மூன்று மாதம் பரீட்சார்த்தம். அதற்குள் மூன்று தரம் நிலையத்தில் ஏற்காமல் பால் திரும்பினால் லொறி வேறு ஆளுக்கு. அதுவரை லொறித் திறப்பு என்னுடையதல்ல. ஒவ்வொரு நாளும் வேலை முடிய நிலைய மனேஜரின் அறையில் உள்ள ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வர வேண்டும்.

லொறி போனால் எனக்கு ஆடைத் தொழிற்சாலைதான். அந்த பஸ் விடிய முன்னம் ஏற்றி, இருண்ட பிறகு இறக்கும். என் மகளுக்கு மூன்று வயது. முன்பள்ளி விடுகிற நேரம் படலையில் நான் நிற்காவிட்டால் அழுவாள். அவளுடைய அப்பா கொழும்பில் கட்டட வேலை, மாதம் ஒருக்கால்தான் வருவார். ஆகவே இந்த லொறியை விட எனக்கு ஏலாது.

இந்த லொறிக்கு மேலதிகச் சில்லு கிடையாது. அதற்குப் பதிலாகப் பாண் அளவில் ஒரு காற்றடிக்கும் பெட்டி தந்திருந்தார்கள். அதோடு வந்த கையேடு ஆங்கிலத்தில். நான் கொன்வென்றில் படித்தவள், ஓ.எல். பரீட்சையில் ஆங்கிலத்துக்கு ஏ எடுத்தவள் என்பதற்காகத்தான் மனேஜர் என்னைத் தெரிவு செய்தார். வாசித்தேன். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. ஒரு வசனமும் விளங்கவில்லை. என்னைப் போல இப்படி ஒரு பெட்டியோடு மாரடிக்கிற சகோதரங்களே, மகள் நித்திரையாகிய பிறகு இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பெட்டி குசினி மேசையில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

முப்பத்தாறும் மூன்று தசம் ஆறும்

முதல் நாள், சங்கத்து முற்றம். கதவோரத்தில் ஒட்டியிருந்த தாளில், சில்லுக்கு வேண்டிய காற்று 36 என்று இருந்தது. பெட்டியின் குழாயைச் சில்லில் பூட்டினேன். திரையில் 2.5 என்று வந்தது. முப்பத்தாறு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டரை. ஒருவேளை இந்தப் பெட்டி முப்பத்தாறை 3.6 என்றுதான் காட்டுமோ என்று யோசித்து, நாலு சில்லுக்கும் 3.6 வரும்வரை அடித்தேன். அது அடிக்கிற சத்தம் இருக்கிறதே, தகர வாளிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல. சத்தம் என்றால் எனக்கு ஆகாது. ஏன் என்று சண்டைக் காலத்தில் இந்தப் பக்கம் இருந்த ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிலுவை போட்டுக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன்.

சில்லு கல்லுப் போல ஆனது. அன்றைக்குக் கிறவல் ரோட்டில் லொறி ஓடவில்லை, துள்ளியது. பாதி நிரம்பிய பால் கான்கள் உள்ளே தாளம் போட்டன. பெட்டி நாலு விதமான அளவில் காற்றைக் காட்டும் என்பதும், அதில் ஒரு விதத்தில் 2.5 என்றாலே 36தான் என்பதும், இரண்டு நாளைக்குப் பிறகு பெருவிரலைத் தவறுதலாக ஒரு பட்டனில் அழுத்திப் பிடித்தபோதுதான் தெரியவந்தது. அதாவது நான் தொட முன்னம் எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. அந்த முதல் நாள் நிலையத்தில் மனேஜர் கான் மூடியைத் திறந்தார். பாலுக்கு மேலே மஞ்சளாய்த் திரள் திரளாக மிதந்தது. முதலாவது திரும்பல். அவர் விரலால் ஒரு திரளைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“பிள்ளை, உன்னைப் பால் கொண்டுவரச் சொன்னனாங்கள். வெண்ணெய் கடைஞ்சு கொண்டுவரச் சொல்லேல்ல.”

சால்வைக்குள் தலை

வெயில் ஏறினால் பெட்டியின் திரையில் ஒன்றும் தெரியாது. கறுப்புக் கண்ணாடி மாதிரி என் முகம்தான் தெரியும். அதுவும் குழாய் சாண் நீளம் என்பதால் பெட்டி சில்லோடு ஒட்டிக்கொண்டுதான் நிற்கும். நான் முழங்காலில் இருந்து, சால்வையால் தலையையும் பெட்டியையும் சேர்த்து மூடிக்கொண்டு, உள்ளே இலக்கத்தைத் தேடுவேன். வெடித்துவிடுமோ என்று இடையில் ஒரு சிலுவையும் போட்டுக்கொள்வேன். நான் பால் எடுக்கிற வீடுகளில் ஒன்று ராசம்மா அக்காவுடையது. அவா தன் படலையில் நின்று இதை மூன்று நாள் பார்த்தா. நாலாம் நாள் கேட்டா:

“என்ன பிள்ளை, வேதக்காரர் இப்ப சில்லையும் கும்பிடத் தொடங்கியாச்சோ?”

தண்ணி கலந்த காற்று

பால் எடுக்கும்போது ஒவ்வொரு வீட்டுப் பாலிலும் பால்மானியை மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டும். இருபத்தெட்டுக்குக் கீழே காட்டினால் தண்ணீர் கலந்த பால். எடுக்கக்கூடாது. அப்பையா அண்ணையின் பால் ஒரு நாள் இருபத்துநாலு காட்டியது. “அண்ணை, குறை நினையாதேங்கோ” என்று கானைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வேலியோரம் குந்தியிருந்து வெற்றிலையை மடித்தார்.

பிறகு வழக்கம் போலச் சில்லைப் பார்த்தேன். பின் சில்லு முப்பத்துமூன்று காட்டியது. குழாயைக் கழற்றினேன். மனம் கேட்கவில்லை, திரும்பப் பூட்டினேன். முப்பத்திரண்டு. கழற்றிப் பூட்டினேன். முப்பத்தொன்று. நான் ஒன்றும் செய்யவில்லையே, பார்க்கத்தானே செய்கிறேன், பார்க்கப் பார்க்கக் குறைகிறதே என்று எனக்குத் தலை சுற்றியது. “இந்த மெஷின் என்ன காட்டுதெண்டே விளங்கேல்ல அண்ணை” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அப்பையா அண்ணை வெற்றிலையைத் துப்பிவிட்டு எழும்பினார்.

“என்ர பாலில நம்பர் குறைஞ்சால் தண்ணி விட்டிட்டன் எண்டுவாய். உன்ர சில்லில நம்பர் குறைஞ்சால் மெஷின் விளங்கேல்ல எண்டுவாய். நல்ல ஞாயம் பிள்ளை.”

இருந்தால் ஓடும், எழும்பினால் நிற்கும்

இலக்கம் காட்டப் பெட்டிக்குள்ளேயே ஒரு சின்னப் பற்றரி இருக்கிறது, காற்றடிக்கத்தான் லொறிக்குள் இருக்கிற துவாரத்தில் செருகிக் கரண்ட் எடுக்க வேண்டும். லொறிக்கு அடியில் கட்டில் அளவு பற்றரி. சங்கத்து முற்றத்தில் நிற்கும்போது கூடப் படித்த பிள்ளைகள் போல இரண்டும் ஒற்றுமையாகத்தான் வேலை செய்தன. ஏனென்றால் அங்கே எப்போதும் யாராவது ஒருவர் சாரதி ஆசனத்தில் ஏறியிருந்து பொழுதுபோக்குவார்கள். அதை நான் கவனிக்கவில்லை.

ராசம்மா அக்கா வீட்டு வாசலில் ஒரு நாள் தனியாகப் பூட்டினேன். பெட்டி இலக்கத்தைக் காட்டியது, ஆனால் அடிக்கவில்லை. மனேஜருக்குப் போன் எடுக்கலாம் என்று ஆசனத்தில் ஏறினேன். தடதட என்று அடிக்கத் தொடங்கியது. வெருண்டு குதித்தேன், நின்றது. திரும்ப ஏறினேன், அடித்தது. இறங்கினேன், நின்றது. இப்படி எத்தனை தரம் ஏறி இறங்கினேன் என்று தெரியாது. பேய் பிடித்த பெட்டி என்றே முடிவு கட்டிவிட்டேன். விளக்குமாற்றோடு நின்ற ராசம்மா அக்காதான் கண்டுபிடித்தா: சாரதி ஆசனத்தில் ஆள் இல்லாவிட்டால் அந்த லொறி உள்ளே ஒன்றுக்கும் கரண்ட் விடாது. அது பாதுகாப்புக்காம். காற்றடிக்கிறவள் கீழேதான் நிற்பாள் என்று இதைச் செய்தவர்களுக்கு யாரும் சொல்லவில்லைப் போலும். கடைசியில் அக்காவையே ஏற்றி இருத்தினேன். அவா லொறி பறந்துவிடும் என்பது போலச் சுக்கானை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தா. நான் நிலையத்துக்குப் போய்ச் சேர ஒன்பதரை. வெயிலில் பால் புளித்துவிட்டது. இரண்டாவது திரும்பல். ஆனால் அக்கா இறங்கும்போது சொன்னது இன்னும் காதில் நிற்கிறது:

“என்ர மனுசனும் உதே சாதிதான் பிள்ளை. பக்கத்தில ஆள் இருந்தால்தான் வேலை நடக்கும்.”

ஓட்டை இல்லாத சில்லு

இன்னும் ஒரு தரம் திரும்பினால் முடிந்தது. நான் வீட்டுக்கு வீடு நிறுத்திச் சில்லைப் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கிற நேரமெல்லாம் குறைந்துகொண்டே இருந்தது. பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது என்று பயந்து, கண்டி வீதியில் டயர்க்கடை வைத்திருக்கும், எல்லோரும் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணரிடம் போனேன். முல்லைத்தீவுக்காரர், இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்து கடை போட்டவர். சில்லைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமத்தி, மெல்ல உருட்டிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை.

“ஒரு நாளைக்கு எத்தினை தரம் பாப்பீங்க?” என்று கேட்டார். நான் விரல் விட்டு எண்ணினேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒருக்கால், சில வீட்டில் இரண்டு. பிறகு பெட்டியைப் பூட்டிக் கழற்றிக் காட்டச் சொன்னார். குழாயைச் சில்லில் திருகிப் பூட்டும் மறை ஐந்தாறு சுற்று. அதைக் கழற்றி முடிக்கும்வரை ‘உஸ்’ என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தை நான் மூன்று மாதமாகக் கேட்கிறேன். பெட்டி மூச்சு விடுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். நானா சிரிக்கவில்லை. சில்லைத் திரும்பப் பூட்டிக்கொண்டே சொன்னார்:

“ஒரு ஓட்டையும் இல்ல தங்கச்சி. நீங்கதான் வீட்டுக்கு வீடு நிண்டு காத்தத் திறந்துவிட்டுட்டுப் போறீங்க.”

பெல்ற் போட்ட கான்

அதற்குப் பிறகு நான் சில்லைப் பார்ப்பதை விட்டேன். பார்க்காமல் இருப்பது பார்ப்பதைவிடப் பயம். நாலு நாள் தாக்குப் பிடித்தேன். ஐந்தாம் நாள், மூன்று மாதத்தின் கடைசிக் கிழமையில், எட்டுக் கான் பாலோடு வாய்க்கால் கரை ரோட்டில் வரும்போது லொறி ஒரு பக்கம் சரிந்தது. இறங்கிப் பார்த்தால் பின் சில்லில் விடத்தல் முள் ஒன்று ஏறி நிற்கிறது. பார்த்தாலும் காற்றுப் போகிறது, பார்க்காவிட்டாலும் போகிறது. இனி நான் எதைத்தான் செய்ய? மணி எட்டு இருபது. முள்ளைப் பிடுங்குவதா விடுவதா என்று விளங்கவில்லை. பிடுங்கப் பயமாக இருந்தது, விட்டுவிட்டேன். பெட்டியைப் பூட்டினேன். திரை பதினொன்று காட்டியது, ஆனால் பெட்டி அடிக்கவில்லை. ஆசனத்தில் இருக்க ஆள் வேண்டுமே. ரோட்டில் ஒரு சைக்கிள்கூட இல்லை. வயலில் கொக்குகள்தான் நின்றன.

அப்போதுதான் ஒன்று நினைவுக்கு வந்தது. பின்னால் இடம் இல்லாத நாட்களில் ஒரு கானை என் பக்கத்து ஆசனத்தில் வைத்தால், ‘பெல்ற் போடு, பெல்ற் போடு’ என்று லொறி மணி அடிக்கும். அதற்குக் கானும் ஒன்றுதான், மனிசரும் ஒன்றுதான். நிறைந்த இருபது லீற்றர்க் கானை இழுத்து இறக்கி, மாதாவே என்று தூக்கிச் சாரதி ஆசனத்தில் இருத்தி, பெல்ற்றும் போட்டுவிட்டேன். பெட்டி உயிர் பெற்றது. நான் ரோட்டோர மரம் ஒன்றுக்குப் பின்னால் போய்க் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். அங்கிருந்து இலக்கம் தெரியவில்லை. சத்தம் நின்ற பிறகுதான் கிட்டே போனேன். பத்தொன்பதில் அது தானாக நின்று, காய்ச்சல் பார்க்கிற குழாய் மாதிரி ஒரு படத்தைக் காட்டிச் சிமிட்டியது. பெட்டிக்குச் சூடு. பத்து நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று கையேட்டில் ஒரு வசனம் இருந்தது. அந்த ஒன்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கையேட்டாலேயே பெட்டிக்கு விசிறினேன். அது எனக்கு உதவிய ஒரே நாள் அதுதான். பிறகு அடித்து, முப்பத்தொன்றில் போதும் என்று கழற்றினேன். கானைப் பின்னால் ஏற்ற நேரமில்லை. பக்கத்து ஆசனத்துக்குத் தள்ளி, பெல்ற்றை மாற்றிப் போட்டு, எடுத்தேன் லொறியை.

நிலையத்துக்குள் நுழையும்போது எட்டு ஐம்பத்தாறு. மனேஜர் ஏழு கானையும் ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்து சோதித்தார். எனக்கு முன்பள்ளிப் படலைதான் கண்ணுக்குள் நின்றது. எட்டாவது கானைத் தேடி முன்பக்கம் வந்தவர், அது பெல்ற் போட்டு நிமிர்ந்து இருப்பதைக் கண்டு நின்றுவிட்டார். நடந்ததைச் சொன்னேன். அந்தக் கானையும் திறந்து பார்த்தார். நல்ல பால். நான் திறப்பை எடுத்துக்கொண்டு ஆணியிருக்கும் அறைப் பக்கம் போனேன். அவர் பின்னால் இருந்து சொன்னார்:

“திறப்பை மாட்டாத பிள்ளை, நீயே வச்சிரு. ஆனால் நாளைக்கு வரேக்க அந்தக் கானுக்கும் ஒரு லைசன்ஸ் எடுத்துக்கொண்டு வா.”

ஆக, மூன்று மாதத்தில் எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: இந்த லொறியை ஓட்ட ஒரு பயந்தாங்கொள்ளி போதும், நிறுத்திக் காற்றடிக்கத்தான் ஒரு பயந்தாங்கொள்ளியும் இருபது லீற்றர் பாலும் வேண்டும்.